பதினோராம் வகுப்பு எங்கே போயிற்று?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் தமிழ்நாட்டின் ஊர்களிலெல்லாம் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. டாக்டராக வேண்டுமா, இன்ஜினீயராக வேண்டுமா, இன்றே வந்து சேருங்கள் என்று அவை கூவி அழைக்கின்றன. விசைத்தறித் தொழிலாளியும், பீடி சுற்றும் தாயும், குத்தகை விவசாயியும் அந்தத் தட்டியை அண்ணாந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளையும் நன்றாகத்தானே படிக்கிறது, அதையும் இப்போதிருந்தே காலேஜுக்குத் தயார் செய்ய வேண்டாமா என்ற எண்ணம் அவர்களுக்கும் எழுகிறது.

எண்ணம் நியாயமானது. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் படிப்புக்குத் தயாராக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. வசதி படைத்தவன் மகன் தயாராகாமல் போனாலும் பணத்தைக் கொட்டி எங்காவது ஓர் இடம் வாங்கிவிடலாம். ஒரு வருஷம் வீணானாலும் வீட்டில் உட்கார்ந்து மறு வருஷம் எழுதலாம். கூலிக்காரன் மகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவளுக்கு வாய்ப்பு ஒரே முறைதான். ஆகவே தயாரிப்பு யாருக்கு அதிகம் வேண்டும்? நமக்குத்தான்.

ஆனால் தயாரிப்பு என்றால் என்ன? அது கடையில் விலை கொடுத்து வாங்கும் சரக்கா? அல்லது பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய பாக்கியா? இங்கேதான் பிரச்னை ஆரம்பமாகிறது.

இரண்டு வருஷம் எதற்காக?

பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு காலத்தில் பதினோரு வருஷப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதன்பின் காலேஜில் ஒரு வருஷம் பி.யு.சி. காலேஜ் பட்டணத்தில் இருந்தது. கிராமத்துப் பிள்ளை பட்டணம் போய், விடுதிக்குப் பணம் கட்டி, திடீரென்று இங்கிலீஷில் பாடம் கேட்டுத் திணறியது. எத்தனையோ பேர் அந்த ஒரு வருஷத்திலேயே படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

1978-ல் அந்த ஏற்பாடு மாறியது. பி.யு.சி. போய், மேல்நிலைக் கல்வி என்னும் பிளஸ் டூ வந்தது. காலேஜுக்கான பூர்வாங்கப் படிப்பு காலேஜிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரு வருஷம் என்றிருந்தது இரண்டு வருஷமாயிற்று. அதாவது, பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே கட்டப்பட்ட பாலம். கல்லூரிக்குத் தயார் செய்வதற்கென்றே உண்டான வருஷங்கள் இவை. இதற்கு மேல் தனியாக ஒரு தயாரிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் நியாயப்படி இருக்கக்கூடாது.

அப்படியானால் ஏன் வாங்குகிறோம்? பாலத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள். அதனால்தான்!

திருட்டு நடக்கும் விதம்

பல பள்ளிகளில் நடப்பதைப் பாருங்கள். ஜூன் மாதம் பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் சேருகிறார்கள். சில வாரம், சில மாதம் பதினோராம் வகுப்புப் புத்தகம் புரட்டப்படுகிறது. அப்புறம் அது மூடப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் திறக்கப்படுகிறது. ஒரே புத்தகத்தை ஒன்றரை வருஷத்துக்கு மேல் உருப்போட வைக்கிறார்கள். காலையில் டெஸ்ட், மாலையில் டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட். முடிவில் மார்க் குவிகிறது. மார்க் வாங்கிய பிள்ளையின் படம் மறு வருஷத் தட்டியில் ஏறுகிறது. தட்டியைப் பார்த்து மேலும் கூட்டம் சேருகிறது. சம்பளமும் ஏறுகிறது.

இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு எந்த மார்க்கைப் பார்க்கிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நூறு, பௌதிகமும் ரசாயனமும் சேர்ந்து நூறு, ஆக இருநூறு. பதினோராம் வகுப்பின் மார்க்குக்கு அங்கே ஒரு செல்லாக்காசின் மதிப்புக்கூட இல்லை. மதிப்பில்லாததைக் கற்பிப்பானேன் என்று வியாபாரி கணக்குப் போடுகிறான். லாபம் ஒன்றையே பார்ப்பவனுக்கு அந்தக் கணக்கு சரிதான்!

இந்த நோய் தனியார் பள்ளியோடு நிற்கவில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமையாசிரியர் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். உபாத்தியாயர் இடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில், இருக்கிற ஒருவரை எந்த வகுப்புக்கு அனுப்புவார்? பன்னிரண்டுக்குத்தான். பதினோராம் வகுப்பு மைதானத்து மரத்தடியில் "சொந்தமாகப் படித்துக்கொண்டு" உட்கார்ந்திருக்கும்.

வந்த பரீட்சையும் போன பரீட்சையும்

இது சர்க்காருக்குத் தெரியாத ரகசியமல்ல. தெரிந்துதான் 2017-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைக்க உத்தரவு போட்டார்கள். 2018 மார்ச்சில் முதல் பரீட்சை நடந்தது. இரண்டு வருஷத்து மார்க்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பது அப்போதைய ஏற்பாடு. அது நிலைத்திருந்தால் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை எவனும் மூடி வைத்திருக்க முடியாது. ஆனால் அதே 2018 செப்டம்பரில், உயர் கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். பரீட்சையின் உடல் இருந்தது, முதுகெலும்பை உருவிவிட்டார்கள்.

நடுவே ஒரு வருஷம் பதினோராம் வகுப்பு தன் பெறுமானத்தைக் காட்டிவிட்டுப் போனது. கொரோனா காரணமாக 2021-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கவில்லை. அப்போது பத்தாம் வகுப்பிலிருந்து நூற்றுக்கு ஐம்பது, பதினோராம் வகுப்பிலிருந்து இருபது, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை முதலியவற்றிலிருந்து முப்பது என்று எடுத்துத்தான் மார்க் போட்டார்கள். ஒதுக்கி வைத்த வகுப்பே அன்று கைகொடுத்தது!

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையே ரத்தாயிற்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் தொடர்ந்து பொதுப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை வதைக்கலாமா என்பது காரணம். காரணத்தை நாம் மறுக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்று சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். பரீட்சையை எடுத்தீர்கள், பாடத்துக்குக் காவல் எங்கே? 2017-ல் எந்தத் திருட்டைத் தடுக்கப் பூட்டுப் போட்டீர்களோ, அந்தத் திருடன் திருந்திவிட்டானா? பூட்டை எடுத்த பிறகு வாசலில் யார் நிற்கிறார்கள்?

நஷ்டம் யாருக்கு?

பதினோராம் வகுப்புப் பாடம் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள், அந்த வகுப்புப் புத்தகங்களைத் திறந்து பார்க்கட்டும்.

கணக்குப் புத்தகத்தில் அணிகளும், வெக்டர்களும், வகையிடுதலும், தொகையிடுதலும் அங்கேதான் தொடங்குகின்றன. அண்ணா சர்வகலாசாலையின் 2021 பாடத் திட்டத்தில் இன்ஜினீயரிங் முதல் பருவத்துக் கணக்கின் பெயரே அணிகளும் நுண்கணிதமும் என்பதுதான். நியூட்டன் விதிகளும், வேலையும் ஆற்றலும், வெப்ப இயக்கவியலும் பதினோராம் வகுப்புப் பௌதிகத்தில் இருக்கின்றன. மனித உடம்பில் மூச்சு எப்படி நடக்கிறது, ரத்தம் எப்படி ஓடுகிறது, சிறுநீரகம் என்ன செய்கிறது என்பதெல்லாம் பதினோராம் வகுப்பு விலங்கியலில் வருகிறது. டாக்டராகப் போகிறவன் விட்டுவிட்டுப் போகக்கூடிய பாடமா இது? வணிகவியல் எடுத்தவனுக்குப் பற்றும் வரவும், பேரேடும், இருப்பாய்வும் பதினோராம் வகுப்பில்தான். அது தெரியாமல் பி.காம். போகிறவன் நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பவன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மனு எழுதவும், சர்ட்டிபிகேட் வாங்கவும் வரும் குடும்பங்களோடு தாலுகா ஆபீசுக்கு நடப்பது பல வருஷமாக என் வேலைகளில் ஒன்று. அப்படி வந்த ஒரு தறித் தொழிலாளியின் மகள் பிளஸ் டூவில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். நல்ல இன்ஜினீயரிங் காலேஜில் இடமும் கிடைத்தது. முதல் பருவத்தில் கணக்கிலேயே தோற்றுவிட்டாள். "உனக்கா இப்படி?" என்று கேட்டேன். "லெவன்த் கணக்குப் புத்தகத்தைப் பாதியிலேயே மூடிட்டாங்க அண்ணே. காலேஜ்ல அது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுக்கிட்டு மேலே போறாங்க" என்றாள். அவள் சோம்பேறியல்ல. அவளுடைய ஒரு வருஷம் களவு போயிருந்தது. களவு போனது காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பணக்காரன் மகனுக்கும் இதே பள்ளிதானே, அவனுக்கும் நஷ்டம்தானே என்று சொல்லலாம். அவனுக்கு மாலையில் டியூஷன் உண்டு. மருத்துவத்துக்கான 'நீட்' பரீட்சையில் 180 கேள்விகள், 720 மார்க். பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இரண்டும் அதற்குப் பாடம். பள்ளியில் பறித்த பதினோராம் வகுப்பையே கோச்சிங் சென்டரில் லட்சக்கணக்கில் விலைக்கு விற்கிறார்கள். சில இடங்களில் பள்ளியும் சென்டரும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன! ஒரு கையால் பறித்து மறு கையால் விற்கிற இந்த வித்தைக்குத்தான் "பவுண்டேஷன் கோர்ஸ்" என்று பெயர் சூட்டி, இப்போது ஆறாம் வகுப்புக் குழந்தைவரை வந்துவிட்டார்கள்.

இதன் விளைவு என்ன? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கை அதைப் புட்டுப் புட்டு வைத்தது. மருத்துவ இடம் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல், ஒரு முறை எழுதி மறுமுறையும் எழுதியவர்கள் என்று அது காட்டியது. ஒரு வருஷம் சம்பாத்தியமில்லாமல், கோச்சிங்குக்கும் பணம் கட்டி உட்கார எந்தக் கூலிக்காரன் மகனால் முடியும்? அரியலூர் மாவட்டத்து அனிதா மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியவள். அவள் தயாராகாதவளா? அவளுக்குச் சொல்லப்பட்ட பரீட்சைக்கு அவள் பூரணமாகத் தயாராக இருந்தாள். ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றினார்கள். 2017 செப்டம்பர் 1-ந் தேதி அவளை இழந்தோம். 'நீட்'டிலிருந்து விலக்குக் கேட்டு 2021-லும், மறுபடி 2022 பிப்ரவரியிலும் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு டில்லியின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது.

இரண்டு தவறான பேச்சு

இந்த நிலைமையில் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது.

"கடன் வாங்கியாவது பெரிய பள்ளியில் சேர்த்துவிடு; மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது ஒன்று. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, தாலியை அடகு வைத்து, விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அப்போது எதை இழக்கிறார்கள் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் அது இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புச் செலவை சர்க்கார் ஏற்கிறது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-லும், ஆண் பிள்ளைகளுக்கான திட்டம் 2024-லும் அரசுப் பள்ளிப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டு தொடங்கின. பதினோராம் வகுப்பில் பள்ளி மாறினால் ஒதுக்கீட்டு உரிமை ஒரே நாளில் போய்விடும்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நாமே போட்டு உடைக்கலாமா?

இரண்டாவது பேச்சு இதற்கு நேர் எதிர். "அமைப்பே இப்படி இருக்கிறது. பணம் இருப்பவனுக்குத்தான் படிப்பு. நாம் என்ன தயாரானாலும் வீண்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்பதற்குத் தீவிரமாக இருக்கிறது. ஆனால் இது வேறு வேஷத்தில் வரும் விதி நம்பிக்கையே தவிர வேறல்ல. 1953-ல் ராஜாஜி சர்க்கார் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னபோது, ஜனங்கள் வீணென்று இருந்துவிட்டார்களா? எதிர்த்தார்கள்; 1954-ல் திட்டம் போயிற்று. 1984-ல் வந்த தொழிற்கல்வி நுழைவுப் பரீட்சை என்ன ஆயிற்று? கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது அநீதி என்ற குரல் ஓயாமல் எழுந்தது. 2006-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது ஒழிந்தது. 2007-ல் ஐக்கோர்ட்டும் அச்சட்டத்தை ஏற்றது. 7.5 சதவீதம் வந்த முதல் வருஷமே நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தார்கள். திறந்த வாசலுக்குள் நுழையவும் ஆள் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிரிவு தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. கணக்கு இல்லாத பிரிவில் சேர்ந்தால் இன்ஜினீயரிங் பட்டப் படிப்பின் பெரும்பாலான வாசல்கள் அடைபடும். அதே சமயம், முதல் குரூப் கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்பதும் பொய். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவும் போதும். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமா படித்தவன் நேராக இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று பிள்ளையிடமே கேளுங்கள், தரகனிடம் கேட்காதீர்கள்.

இரண்டு: பதினோராம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தாயும் மகனின் நோட்டைப் புரட்டி, பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க முடியும். சோதனைச் சாலைக்கு எத்தனை முறை போனாய் என்று கேட்க முடியும். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்களே அதில் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதோடு நிற்காமல், "பதினோராம் வகுப்புக்குக் கணக்கு உபாத்தியாயர் உண்டா? எத்தனை பாடம் முடிந்தது?" என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதியது மேலே போகும்.

மூன்று: தமிழில் படிக்கும் பிள்ளைகள் இங்கிலீஷுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். பாடப் புத்தகத்திலேயே கலைச்சொற்கள் இரண்டு பாஷையிலும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் திசைவேகம், மறு பக்கம் வெலாசிட்டி. ஒரு பக்கம் உந்தம், மறு பக்கம் மொமெண்டம் என்று தினம் ஐந்து வார்த்தை எழுதட்டும். இரண்டு வருஷத்தில் மூவாயிரம் வார்த்தைக்கு மேல் கைவசமாகும். விஷயம் தமிழில் புரிந்திருந்தால், அதன் இங்கிலீஷ் பெயர் தெரிவதற்கு ஆறு லட்சம் கட்ட வேண்டியதில்லை.

நான்கு: காகிதங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகிய இவற்றைப் பதினோராம் வகுப்பு விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும். ஆதாரில் ஒரு பெயர், மார்க் பட்டியலில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல் என்று இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிலிருந்து தாசில்தார்வரை மனு நடையாய் நடக்கும். அந்த நடையைக் கடைசி வாரத்தில் நடக்கும்போதுதான் இடைத்தரகன் கை நீட்டுகிறான். வருமானச் சான்றுக்கு மட்டும் கால வரம்பு உண்டு. அதைத் தேவைப்படும் வருஷத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. சான்று கையில் இல்லாத ஒரே காரணத்தால் அந்தச் சலுகையை விட்டுவிட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

ஐந்து: கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது பிள்ளையின் கையில் இருக்கட்டும். 2018 முதல் இன்ஜினீயரிங் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்தது என்று போடும் வரிசைதான் தலைவிதி. பிரவுசிங் சென்டரில் காத்திருக்கும் கூட்டத்தில் எவனோ ஒருவன் அவசரமாகப் போட்டுக்கொடுக்கும் வரிசையை நம்பி நாலு வருஷத்தை அடகு வைக்காதீர்கள். மாவட்டங்களில் இதற்கென்று உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கே காசு கேட்க மாட்டார்கள். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்த மார்க்குவரை இடம் போனது என்பதைப் பதினோராம் வகுப்பிலிருந்தே பார்த்துப் பழகுங்கள்.

தனி வீட்டுக் காரியமல்ல

இத்தனையையும் ஒரு தறிக் குடும்பம் தனியாகச் செய்ய முடியுமா? முடியாது. காலை ஆறு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவன் எப்போது நோட்டைப் புரட்டுவான், எப்போது வரிசையில் நிற்பான்?

ஆகவேதான் இது ஊர்க் காரியமாக வேண்டும் என்கிறோம். ஊரில் ஒரு நூலகக் கட்டிடம் இருக்கும், ஒரு சங்கக் கட்டிடம் இருக்கும், ஒரு சமுதாயக் கூடம் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அதில் ஒரு விளக்கு எரியட்டும். அந்த ஊரிலிருந்து முன்பே காலேஜ் போன அண்ணன், அக்காள் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து உட்காரட்டும். பழைய பதினோராம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி அலமாரியில் வையுங்கள். ஓய்வு பெற்ற உபாத்தியாயர் யாராவது நிச்சயம் இருப்பார், கூப்பிட்டால் வருவார்.

சர்க்காரிடம் நாம் கேட்பதும் அதிகமல்ல. பதினோராம் வகுப்புக்கு உபாத்தியாயர் இடங்களை நிரப்புங்கள். தனியார் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே மாதிரி பதினோராம் வகுப்பைச் சோதனை போடுங்கள். பிள்ளையைச் சோதிக்க வேண்டாம், பள்ளியைச் சோதியுங்கள். பாடம் நடத்தாமல் தாவிய நிர்வாகத்தின் மேல் நடவடிக்கை எடுங்கள். பரீட்சை பயத்தைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கினீர்கள், சந்தோஷம். அந்தப் பயத்தில் கொஞ்சத்தைப் பாடத்தைத் திருடுகிறவன் தலையில் ஏற்றுங்கள்!

1978-ல் நம் பிள்ளைகளுக்கென்று கொடுத்தது இரண்டு வருஷம். ஒன்றை விழுங்கிவிட்டு ஒன்றைக் காட்டுகிறார்கள். விழுங்கியதைத் திருப்பிக் கேட்பது பிச்சையல்ல, பாக்கி வசூல். இந்த ஜூன் மாதமே, உங்கள் ஊர்ப் பள்ளியின் பதினோராம் வகுப்பிலிருந்தே அந்த வசூலை ஆரம்பியுங்கள்.